வெடிச் சத்தமும் நாயின் அச்சமும்

தீபாவளியன்று விடியற்காலையில் உங்கள் தெரு நாய்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் வெடி வெடித்ததும் அவை வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு ஓடுகின்றன. சில நாய்கள் நின்றிருக்கும் லாரியின் அடியில் புகுந்துகொள்கின்றன. சில சாக்கடைக் குழாய்க்குள் ஒடுங்குகின்றன. வீட்டு நாயானால் கட்டிலுக்கு அடியில் எச்சில் ஒழுக, மூச்சு இரைக்க, உடல் நடுங்கக் கிடக்கிறது. அதற்கு மிகவும் பிடித்த உணவை வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி வண்டியில் அடிபட்டு மாண்ட நாய்களும் உண்டு. வழி தெரியாமல் தொலைந்துபோனவையும் உண்டு.

திருடனைக் கண்டு அஞ்சாத பிராணி ஓர் ஓலைவெடிக்கு இப்படி அஞ்சுவானேன்? அந்த அச்சத்தைப் போக்க வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் அதைக் கண்டறிய ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றில் ஒரு விந்தையும் இருக்கிறது. பழக்கமும் அச்சமும் மூளையில் எவ்வாறு பதிகின்றன என்பதை மனிதன் முதலில் நாயை வைத்தே கற்கத் தொடங்கினான். கற்றதைத் தன் இனத்தின் நோய்களைத் தீர்க்கப் பயன்படுத்திக்கொண்டான். நாயின் முறை கடைசியில்தான் வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

விலங்கை விரட்டப் பிறந்த சத்தம்

நாய் மனிதனோடு வாழத் தொடங்கியது வேளாண்மைக்கும் முந்திய காலத்தில். ஜெர்மனியில் பான் நகரத்தை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களுடன் ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தன. அதன் வயது ஏறக்குறைய 14,000 ஆண்டுகள்.

வெடிமருந்தின் வயதோ மிகவும் குறைவு. சீனர்கள் பச்சை மூங்கிலை நெருப்பில் இட்டு வெடிக்கச் செய்து வந்தார்கள். கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து மூங்கில் ‘பட்’டென்று வெடிக்கும். அந்த ஓசை தீய ஆவிகளையும் கொடிய விலங்குகளையும் விரட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. கி.பி. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கலவை அவர்கள் கைக்கு வந்தது. 1044-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட சீனப் போர்க்கலை நூலில் அக்கலவைக்கான அளவுகள் எழுதப்பட்டுள்ளன. அங்கிருந்து அக்கலை மேற்கே பரவியது. நம் நாட்டில் 1443-ஆம் ஆண்டு விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துல் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கையைக் கண்டதாக எழுதி வைத்தார். தமிழ்நாட்டில் சிவகாசிக்காரர்கள் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது 1920-களின் தொடக்கத்தில்; பட்டாசுத் தொழில் அதன் தொடர்ச்சியாக வளர்ந்தது.

ஆக, விலங்கை அச்சுறுத்தி விரட்டுவதையே ஒரு நோக்கமாகக் கொண்டு பிறந்தது வெடிச் சத்தம். இன்று நாய் அதைக் கேட்டு ஓடினால், வெடி தன் பழைய வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் பொருள். காட்டில் வாழ்ந்த மூதாதையரிடமிருந்து பெற்ற செவி நாயினுடையது. திடீரென்று எழும் பேரோசைக்குக் காட்டில் ஒரே பொருள்தான்: ஆபத்து, ஓடு!

கால்டனின் ஊதுகுழல்

நாயின் செவி எத்தகையது என்பதை முதன்முதலில் கருவி கொண்டு சோதித்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன். 1876-ஆம் ஆண்டு அவர் ஒரு சிறு ஊதுகுழலை உருவாக்கினார். அதிலிருந்து மனிதச் செவிக்கு எட்டாத உச்ச ஒலிகளையும் எழுப்பலாம். அதைத் தம் கைத்தடியின் நுனியில் பொருத்தி, பிடியிலிருந்த ரப்பர்ப் பையை அழுத்தி ஒலிக்கச் செய்தபடி விலங்குக் காட்சிசாலையிலும் தெருக்களிலும் நடந்தார். எந்தப் பிராணி காதைத் திருப்புகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

சிறு நாய்கள் திரும்பிப் பார்த்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தெருக்களில் படுத்துக் கிடந்த பெரிய நாய்களோ மணிக்கணக்கில் ஊதியும் அசையவில்லை. பெரிய நாய்களுக்கு உச்ச ஒலி கேட்பதில்லை என்று கால்டன் முடிவு கட்டினார்.

அந்த முடிவு தவறு என்று தெரிய நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. 1983-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹென்றி ஹெஃப்னர், உள்ளங்கையில் அடங்கும் சிவாவா இனம் முதல் மிகப் பெரிய செயின்ட் பெர்னார்டு வரை பல அளவிலான நாய்களின் செவித்திறனை முறையாக அளந்தார். உடல் அளவுக்கும் கேட்கும் திறனுக்கும் தொடர்பே இல்லை. 60 டெசிபல் உரப்பில், நாய்கள் வினாடிக்கு 67 அதிர்வு முதல் 45,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்டன. மனிதனின் எல்லை 20,000 அதிர்வோடு முடிந்துவிடுகிறது. பெர்ன் நகரத்துப் பெரிய நாய்களுக்குக் காது கேட்காமல் இல்லை. அந்த ஊதலை அவை பொருட்படுத்தவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். எல்லா ஒலியும் நாய்க்கு நம்மைவிடப் பல மடங்கு உரக்கக் கேட்கிறது என்று சொல்வது சரியன்று. தாழ்ந்த ஒலிகளில் மனிதனுக்கும் நாய்க்கும் பெரிய வேறுபாடு இல்லை. உச்ச ஒலிகளில்தான் நாய் நம்மை வெகுவாக முந்துகிறது. வெடி வெடிக்கும்போது எல்லா வகை அதிர்வுகளும் ஒரே கணத்தில் எழுகின்றன. நமக்குக் கேட்காத சீறலும் கீச்சொலியும் நாய்க்குக் கேட்கின்றன.

சத்தத்தின் அளவையும் எண்ணிப் பாருங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு வெடியின் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10-ம் பத்து மடங்கைக் குறிக்கும். அப்படியானால் 65 டெசிபல் வேறுபாடு என்பது முப்பது லட்சம் மடங்குக்கும் மேல்! திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 64 மீட்டர் தள்ளி நிற்கும் நாய்க்கும் அது 100 டெசிபல் அளவில் போய்ச் சேர்கிறது.

பீரங்கிகளின் நடுவே ஒரு பள்ளி

அப்படியானால் எந்த நாயும் பேரோசைக்குப் பழகாதா? பழகும் என்று முதல் உலகப் போர் காட்டியது. போர்முனையில் தொலைபேசிக் கம்பிகள் குண்டுகளால் அறுபட்டபோது செய்தி கொண்டு செல்ல நாய்கள் தேவைப்பட்டன. எட்வின் ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷூபரினெஸ் என்னும் கடற்கரை ஊரில் போர் நாய்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது பீரங்கிச் சோதனைகள் நடைபெறும் இடம். நாய்கள் அந்த முழக்கத்தை நாள்தோறும் கேட்டபடியே உண்டு, உறங்கி, பயிற்சி பெற்றன. லண்டன் அனாதை நாய்கள் விடுதியிலிருந்து வந்தவையும் அவற்றில் இருந்தன. நாயை அடிக்கவோ அதட்டவோ கூடாது, அன்பாலும் உணவாலுமே பழக்க வேண்டும் என்பது ரிச்சர்ட்சனின் விதி.

எல்லா நாய்களும் தேறிவிடவில்லை. ஆனால் தேறியவை குண்டு மழைக்கு நடுவே செய்தி சுமந்து ஓடின. அன்பும் உணவும் நாள்தோறும் பழக்கமும் அச்சத்தைக் குறைக்கும் என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் குறைகிறது என்பதுதான் தெரியவில்லை.

லெனின்கிராடு வெள்ளம்

அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு வழி திறந்தவர் ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லவ். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருமுன்பே, உணவைக் குறிக்கும் ஓர் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் ஆராய்ந்தார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தொடர்பில்லாத ஓசை ஒன்று, உணவோடு பலமுறை சேர்ந்து வந்ததால் உணவின் அறிவிப்பாகிவிடுகிறது. இதைப் பழக்கத்தால் வந்த மறிவினை எனலாம்.

1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் வந்தது. பாவ்லவின் நாய்க் கொட்டில்களில் நீர் புகுந்தது. கூண்டுகளில் அடைபட்டிருந்த நாய்களைப் பணியாளர்கள் நீந்தச் செய்து மேட்டிலிருந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். நாய்கள் உயிர் பிழைத்தன. ஆனால் அவற்றுள் சிலவற்றின் நடத்தையே மாறிவிட்டது. பல காலம் உழைத்துப் பதியவைத்த மறிவினைகள் அழிந்துபோயின. கொடுத்த உணவையும் ஏற்க மறுத்தன.

ஒரு நாயிடம் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. வழக்கமாக ஆய்வாளர் அடுத்த அறையிலிருந்துதான் நாயைக் கவனிப்பார். அவர் நாயின் அருகிலேயே வந்து அமர்ந்தபோது இழந்த மறிவினைகள் மெல்லத் திரும்பின. பிறகு, நாய் தேறிய நிலையில், அறைக் கதவின் அடியில் சிறிது தண்ணீரைக் கசியவிட்டார்கள். தரையில் பரவிய அந்தக் கொஞ்ச நீரைப் பார்த்ததும் நாய் பதறியது. மறிவினைகள் மறுபடி மறைந்தன.

இதன் பொருள் என்ன? பேரச்சம் ஒருமுறை தாக்கினாலும் மூளையில் பதிந்துவிடும். அந்த அச்சத்தோடு சேர்ந்து வந்த எந்தச் சிறு குறியும் அதை மீண்டும் எழுப்பிவிடும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே, தீக்குச்சி கிழிக்கும் ஓசைக்கும் வெடிமருந்து வாசனைக்கும் சில நாய்கள் ஒடுங்குவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? அன்புள்ள மனிதர் அருகிலிருப்பது அச்சத்தைத் தணிக்கும் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. இரண்டாவது உண்மையைப் பலரும் நெடுங்காலம் மறந்திருந்தார்கள்.

முயலைக் கண்டு அஞ்சிய சிறுவன்

பாவ்லவின் ஆராய்ச்சி அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் வாட்சன் என்ற உளவியலாரும் அவருடைய மாணவி ரோசலி ரேனரும் 1920-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை பெரும் கண்டனத்துக்கு உரியதாக இன்று கருதப்படுகிறது. பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளிலேயே குழந்தை வெள்ளெலியைக் கண்டதும் அழத் தொடங்கியது. அச்சத்தைக் கற்பிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த கருவி பேரோசை என்பதைக் கவனியுங்கள். கற்பித்த அச்சத்தை நீக்குமுன் குழந்தை அங்கிருந்து சென்றுவிட்டது.

அச்சத்தை நீக்கும் வழியைக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண்மணி. 1924-ஆம் ஆண்டு, வெள்ளம் வந்த அதே ஆண்டில், அவர் தமது ஆய்வை வெளியிட்டார். பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட மூன்று வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவன் முயல், எலி, ரோமத் துணி எல்லாவற்றையும் கண்டு அலறுவான். ஜோன்ஸ் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். அவன் உண்ணும்போது கூண்டிலிட்ட முயலை அறையின் மறுகோடியில் வைத்தார். அவன் அமைதி குலையாத அளவுக்கு நாளுக்கு நாள் கூண்டை அருகே நகர்த்தினார். முடிவில் பீட்டர் முயல் தன் விரலைக் கொறிக்க இடம் கொடுத்தான்.

இதில் எச்சரிக்கை வேண்டியது ஓரிடத்தில்தான். முயலை அவசரப்பட்டு அருகே கொண்டுவந்தால், முயல் மீதுள்ள அச்சம் போவதற்குப் பதில் தின்பண்டத்தின் மீதும் அச்சம் வந்துவிடும்!

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப், இரண்டாம் உலகப் போரில் மனம் கலங்கிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தவர். பழைய முறைகள் பயன் தராததைக் கண்டு, போருக்குப் பின் பூனைகளைக் கொண்டு அச்சத்தை ஆராய்ந்தார். ஒரு கூண்டில் அச்சம் கண்ட பூனை அக்கூண்டில் உணவைத் தொடாது. அந்த அறையிலும் தொடாது. ஆனால் சற்றே வேறுபட்ட மற்றோர் அறையில் உண்ணும். அங்கிருந்து படிப்படியாகப் பழைய அறைக்கும், பிறகு கூண்டுக்கும் அதை அழைத்து வந்தார். 1958-ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூலுக்குப் பின் இந்த முறை உலகெங்கும் மனநோய் மருத்துவத்தில் பரவியது. உயரத்துக்கும் கூட்டத்துக்கும் அஞ்சிய மனிதர்கள் பலர் இதனால் நலம் பெற்றார்கள்.

நாய் நோயாளியாக வந்தபோது

பாவ்லவின் வெள்ளத்துக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து நாயின் முறை வந்தது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியூபர், ஹாதர்சால், விக்டோரியா வோய்த் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலங்குகளிடமிருந்து கற்ற உளவியலை விலங்குகளின் துன்பத்தைத் தீர்க்கவும் பயன்படுத்தலாமே என்பது அவர்கள் கேட்ட கேள்வி. இடியோசைக்கு நடுங்கிய வீட்டு நாய்க்கு, பதிவு செய்யப்பட்ட இடியோசையை முதலில் மிக மெதுவாக ஒலிக்கச் செய்து, நாய் அமைதியாக இருக்கும்போது உணவளித்து, சிறிது சிறிதாக உரப்பைக் கூட்டினார்கள். பீட்டருக்கு முயல் எப்படியோ அப்படியே நாய்க்கு இடி.

இதற்குள் வேறு இரண்டு ஆராய்ச்சிகளும் துணைக்கு வந்திருந்தன. ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பிறந்து 3 முதல் 12 வாரம் வரையான காலமே குட்டி உலகத்தோடு பழகும் முக்கியப் பருவம் என்று காட்டினார்கள். அப்பருவத்தில் பலவகை ஓசைகளை மென்மையாகக் கேட்டு வளரும் குட்டி பிற்காலத்தில் எளிதில் மிரளாது. மற்றோர் ஆராய்ச்சி 1967-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் செலிக்மன், மெய்யர் இருவரும் நடத்தியது. தப்பிக்க வழியில்லாமல் துன்புற்ற நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் தப்ப முயலாமல் படுத்துவிட்டன. வெடிக்கும் இடத்தில் நாயைக் கட்டிவைத்து, “தானாகப் பழகிவிடும்” என்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அப்படிக் கட்டப்பட்ட நாய் அசையாமல் கிடந்தால் அது பழகிவிட்டது என்று பொருளல்ல. நம்பிக்கை இழந்துவிட்டது என்றும் பொருள் இருக்கலாம்.

மருந்துகளின் வரலாறு

1950-களில் மனநோய்க்கான புதிய மருந்துகள் வந்தபோது அவற்றின் உறவான அசிப்ரோமசின் கால்நடை மருத்துவத்தில் புகுந்தது. வெடிக்கு அஞ்சும் நாய்களுக்குப் பல ஆண்டுகள் இதைத்தான் கொடுத்து வந்தார்கள். நாய் அசையாமல் படுத்துக்கொள்ளும்; உரிமையாளருக்கு நிம்மதி. ஆனால் இது உடலைத் தளர்த்துகிறதே தவிர அச்சத்தைப் போதிய அளவு குறைப்பதில்லை என்று பின்னர் தெரிந்தது. ஓட முடியாத உடலுக்குள் அச்சம் அப்படியே இருக்கிறது. ஆகவே இதை மட்டும் தனியாகக் கொடுப்பதை இன்று வல்லுநர்கள் விரும்புவதில்லை.

2003-ஆம் ஆண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், அச்சத்தையே தணிக்கும் மருந்துகளையும் படிப்படியான பயிற்சியையும் சேர்த்துக் கையாண்டார்கள். ஆய்வை முடித்த 32 நாய்களில் 30 நாய்கள் ஓரளவேனும் தேறின. ஓசைக்கு அஞ்சும் நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே தடவும் களிம்பு மருந்து ஐரோப்பாவில் 2015-லும், அமெரிக்காவில் 2016-லும் அனுமதி பெற்றது. ஆனால் இவை யாவும் கால்நடை மருத்துவர் அளவு பார்த்துத் தர வேண்டியவை. மனிதருக்கான தூக்க மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது உயிருக்கே கேடு.

அணைத்தால் அச்சம் வளருமா?

“நடுங்கும் நாயைத் தடவிக் கொடுக்காதே, கொடுத்தால் அச்சத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும், அச்சம் வளரும்.” இந்த அறிவுரையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது பாவ்லவின் பாடத்தைத் தவறாகப் படித்ததால் வந்தது. பரிசு கொடுத்தால் வளர்வது நாய் தானே விரும்பிச் செய்யும் செயல். அச்சம் அப்படிப்பட்ட செயலன்று. தானே எழும் உணர்ச்சி. அஞ்சும்போது கிடைக்கும் அன்பும் உணவும் அதைக் குறைக்கவே முயலும்.

2005-ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், இடிக்கு அஞ்சும் நாய்களின் வீடுகளுக்கே சென்று இடியோசைப் பதிவை ஒலிக்கச் செய்து அவற்றின் எச்சிலைச் சோதித்தார்கள். நெருக்கடி நேரத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற சுரப்பு 207 சதவீதம் உயர்ந்திருந்தது. உரிமையாளர் தேற்றியதால் அது மேலும் கூடிவிடவில்லை. வேறு நாய்களோடு சேர்ந்து வாழும் நாய்கள் விரைவில் தேறின.

கால்டன் ஊதுகுழலோடு அலைந்த அதே பெர்ன் நகரின் பல்கலைக்கழகத்தில், ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆராய்ச்சியாளர் 1,225 நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2019-லும் 2020-லும் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் 52 சதவீத நாய்கள் வாணவேடிக்கைக்கு ஓரளவேனும் அஞ்சின. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு உடனே உணவோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அது பயன் தந்ததாகக் கூறினர். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளும் ஏறக்குறைய அதே அளவு பயன் தந்தன. மூலிகை, ஹோமியோபதி போன்றவை அந்த அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. இவை உரிமையாளர்கள் சொன்னவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயினும் மேரி கவர் ஜோன்ஸ் காட்டிய வழி, செலவில்லாத வழி, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் முன்வரிசையில் நிற்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

இந்த வரலாறு நமக்குத் தரும் முதல் பாடம் காலம் பற்றியது. தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். வெடிச் சத்தத்தின் ஒலிப்பதிவை, நாய் காதை மட்டும் அசைத்துவிட்டு உண்பதைத் தொடரும் அளவுக்கு மெல்ல ஒலிக்கச் செய்யுங்கள். முதலில் ஓசை, அடுத்த நொடியில் அதற்கு மிகவும் பிடித்த உணவு. இந்த வரிசை மாறக் கூடாது. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் போதும். நாய் உண்பதை நிறுத்தினாலோ, கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டு விலகினாலோ, முயல் அருகே வந்துவிட்டது என்று பொருள். உடனே ஒலியைக் குறையுங்கள். ஒலிப்பதிவில் வெடியின் ஒளியும் வாசனையும் தரையதிர்வும் இல்லை. ஆகவே பயிற்சி பெற்ற நாய்க்கும் பண்டிகை நாளில் பாதுகாப்பு வேண்டும்.

அன்று அதிகாலையில், வெடிகள் தொடங்குமுன், நாயை வெளியே நடத்தி அழைத்து வந்துவிடுங்கள். வீட்டின் நடு அறையில் கதவு, சன்னல்களைச் சாத்தி, விளக்கைப் போட்டு, மின்விசிறியையோ வானொலியையோ ஓடவிடுங்கள். ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கட்டும்; ஒளிந்த நாயை இழுக்க வேண்டாம். கட்டிப்போடவும் வேண்டாம். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். முடிந்தால் நீங்களோ வீட்டில் ஒருவரோ அருகில் இருங்கள். லெனின்கிராடு நாய்க்கு உதவியது அதுதான். மிகவும் அஞ்சும் நாயானால் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பண்டிகைக்கு முதல் நாள் போனால் மருந்தின் அளவைச் சோதித்துப் பார்க்க நேரமிராது.

தெரு நாய்க்கு யார் இருக்கிறார்கள்?

இதுவரை சொன்னவை வீட்டு நாய்க்குப் பொருந்தும். தெருவில் வாழும் நாய்க்கு நடு அறை இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போக ஆளும் இல்லை. அதற்குச் செய்யக்கூடியது ஒன்றே: சத்தத்தின் அளவையும் நேரத்தையும் குறைப்பது.

இதில் சட்டம் சிறிது தூரம் வந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடி வெடிப்பதைத் தடை செய்தது. 2018-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தது. அதையொட்டித் தமிழக அரசு காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் வகுத்தது. இந்த விதிகள் காற்று மாசுக்காகவும் மனிதரின் உறக்கத்துக்காகவும் எழுந்தவை. ஆனால் விதிப்படி நடந்தால் நாய்க்கும் ஒரு பேறு உண்டு: சத்தம் எப்போது வரும், எப்போது ஓயும் என்பது திட்டமாகிவிடுகிறது. அந்த நேரம் முடிந்ததும் அது வெளியே வந்து நீர் குடிக்கலாம், குட்டிகளைத் தேடலாம்.

சட்டத்துக்காகக் காத்திராத ஊரும் நம் நாட்டில் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரிலும் பண்டிகை நடக்கிறது. பிள்ளைகளுக்குப் புத்தாடையும் பலகாரமும் உண்டு.

உங்கள் தெருவில் அந்த அளவுக்கு முடியாமல் போகலாம். புஸ்வாணத்துக்கும் மத்தாப்புக்கும் சங்குச் சக்கரத்துக்கும் ஒளி உண்டு, பேரோசை இல்லை. சிறுவர்களுக்கு அவற்றை வாங்கிக் கொடுக்கலாம். நாயின் வாலில் சரவெடி கட்டும் கொடுமையை எங்கு கண்டாலும் தடுக்கலாம். லாரியின் அடியில் ஒடுங்கிய நாய்க்கு ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்புமுன் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.